லூர்து கேட்ட கேள்வியும் நீ எழுதிய கேள்வியும்

அன்புள்ள மகளுக்கு,

“சார், புதுத் துறைமுகச் சுவருக்கு வெளிய ஒரு சாமான் விழுந்துட்டுன்னா, அது எங்கன போய்க் கரையேறும்?”

இப்படி என்னிடம் கேட்டவள் லூர்து. ஏழாம் வகுப்பில் இரண்டாவது வரிசையில், சுவரோரமாக உட்கார்ந்திருப்பாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காகக் கல்லைக் கொட்டிக் கொட்டிக் கடலுக்குள் சுவரை நீட்டிக்கொண்டிருந்த காலம். நீ அப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அதனால் இந்தக் கதை உனக்குத் தெரியாது. உன் அம்மாவும் நானும் இதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. இப்போது உன் கடிதம் வந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆறுமுகநேரிப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த கையோடு, பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் செயல்திட்ட முறையில் ஒரு வேலை தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். பிள்ளைகளிடமே கேள்விகளைக் கேட்டு வாங்கினாயாம். அதில் ஒரு பையன் கேட்டது உனக்கு மிகவும் பிடித்துப் போயிற்றாம். “உப்பளத்துல எத்தன வருசம் வேல பாத்தா கண்ணு போவும்?” இந்த ஒரு கேள்விக்குள் அறிவியல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, ஊர் வரலாறே இருக்கிறது அப்பா, வருகிற திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதித் தொடங்கப் போகிறேன் என்று முடித்திருக்கிறாய். உன் கையெழுத்தில் அவ்வளவு உற்சாகம். படித்து முடித்த என்னைப் பார்த்து உன் அம்மா கேட்டாள்: “புள்ள ஆசையா எழுதியிருக்கா. நீங்க எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுதீங்க?” நான் கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அந்தக் கேள்வி இருந்த இடம் வந்ததும் அவளும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். “லூர்து மாதிரில்லா இருக்கு,” என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் பயந்த சுபாவக்காரன் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒருமுறை நீ ஒரு சிப்பியைப் பானைத் தண்ணீரில் போட்டு, மழைத்துளி விழுந்தால் முத்தாகும் என்று முற்றத்தில் வைத்தாய். மழையும் வரவில்லை, முத்தும் வரவில்லை. வீடே நாறியது. தூக்கி எறியச் சொல்லி அம்மா சத்தம் போட்டாள். எனக்கோ நீ அழுதுவிடுவாய் என்று பயம். அதனால் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு காத்திருந்தோம். கடைசியில் நீயே மூக்கைப் பிடித்துக்கொண்டு பானையைத் தூக்கிப் போனாய். திரும்பி வந்து, “செத்த சிப்பியில முத்து வராதுப்பா, உயிரோட இருக்கணும்,” என்றாய். நான் சொல்லியிருந்தால் அது உன் மனதில் தங்கியிருக்காது. செயல்திட்ட முறை என்று பயிற்சியில் உனக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இதுதான். பிள்ளைக்கு ஒரு கேள்வி வேண்டும். அதைத் தன் கையால் செய்து பார்க்க இடம் வேண்டும். நாற்றம் வரும்வரை பொறுத்திருக்க ஒரு பெரிய ஆள் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பயம் வேறு.

லூர்துவின் கேள்வியை நான் வகுப்புக்கே பொதுவான கேள்வியாக எடுத்துக்கொண்டேன். நல்ல கேள்விக்கு உரிய எல்லாம் அதில் இருந்தன. பிள்ளைகளுக்குப் பழகிய கடல். கையில் அகப்படும் பொருட்கள். பதில் எனக்கே தெரியாது. இதை நீயும் குறித்துக்கொள்: உனக்கு விடை தெரிந்த கேள்வியாக இருந்தால் பிள்ளைகள் கடலைப் பார்க்க மாட்டார்கள், உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஊரிலும் அப்போது இதைப் பற்றிப் பேச்சு இருந்தது. சுவர் வந்த பிறகு நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், தடுமாறிப் போயிற்று என்றார்கள் சிலர். வாடைக்காற்று ஓய்ந்து, தென்காற்றான சோழகம் எழும்பும் தபசுக் காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், சுவரில் முட்டிய தண்ணீர் தெற்கே திரும்பிவிடும் என்று வயதானவர்கள் அடித்துச் சொன்னார்கள். இல்லை, வடக்கேதான் போகிறது என்றார்கள் இளவட்டங்கள்.

அந்த வருடத் தபசு தொடங்கியதும் வகுப்பை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். ஒரு கூட்டம் காற்றின் திசையைக் காலையும் மாலையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கூட்டம் கரையின் படத்தைப் பெரிய தாளில் வரைய வேண்டும். இன்னொரு கூட்டம் கடலில் போடுவதற்கு மிதவைகள் தயாரிக்க வேண்டும். ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கக் கூடாது, மிதவைகளை அப்பாமார்தான் வள்ளத்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். தலைமையாசிரியரிடமும் இதைச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். கடலைப் பற்றிய என் பயமெல்லாம் அந்த ஒரு விதியோடு தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளை தண்ணீரில் விழுவது மட்டும்தான் ஆபத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

மிதவைக்கு மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வேறு எதைக் கொண்டுவருவார்கள்? எல்லோரும் வலையில் கட்டுகிற மிதப்புக் கட்டைகளைக் கொண்டுவந்தார்கள். அதில் வர்ணம் பூசினோம். வகுப்பின் பெயர் எழுதினோம். சவரி என்ற பையனின் அப்பா அவற்றைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார். அன்று சாயங்காலமே அத்தனை கட்டைகளும் எங்கள் கரைக்கே திரும்பி வந்துவிட்டன. மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் அவற்றைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அதில் ஒருத்தி, “சார், வர்ணம் பூசாமப் போட்டிருந்தீங்கன்னா அடுப்புக்காவது ஆவும்,” என்றாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. மறுநாள் வகுப்பில், என்ன தெரிந்துகொண்டோம் என்று கேட்டேன். அந்த இடத்தில் விழுகிற எதுவும் நம் கரைக்குத்தான் வரும் என்றார்கள். சரி என்று எழுதப் போனேன். அப்போது சவரி பின்னால் இருந்து சொன்னான்:

“அப்பம் லூர்து அப்பா கொழும்புலதான் இருக்காரு. செத்திருந்தா இங்கனல்லா வந்திருப்பாரு.”

 எனக்கு அப்போதுதான் முழுவதும் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின வருடம், அதே தபசுக் காலத்தில், லூர்துவின் அப்பா தனியாக வள்ளத்தில் போனார். வள்ளம் சுவருக்கு வெளியே ஆளில்லாமல் மிதந்தது. கவிழவில்லை, உடையவில்லை, வலையும் உள்ளேயே இருந்தது. பெரியவர்கள் சொன்னபடி தெற்கே கரை முழுக்கத் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. நம் ஊரில் உடல் கரை சேராமல் மாதா கோயிலில் துக்க மணி அடிக்க மாட்டார்கள், மனைவி தாலியைக் கழற்ற மாட்டாள். அந்த வழியே போன ஏதோ தோணியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டார், அங்கே யாரோடோ இருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. நானும் அதைக் காதில் வாங்கியிருந்தேன். ஆனால் அந்தப் பேச்சையும் இரண்டாவது வரிசையில் இருந்து வந்த கேள்வியையும் நான் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

லூர்து எழுந்தாள். அழவில்லை. சவரியைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என்னிடம்தான் சொன்னாள்.

“கட்டை தண்ணிக்கு மேல கெடக்கு சார். அதக் காத்து தள்ளிட்டு வருது. ஆளு அப்பிடி மெதக்காது. தண்ணிக்குள்ள அமுங்கித்தான் கெடக்கும். மருந்து பாட்டில்ல, கழுத்து மட்டும் வெளிய தெரியுற அளவுக்கு மண்ணப் போட்டு அடைச்சிப் போடணும்.”

மகளே, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சாக்கட்டியோடு நின்றுகொண்டு நான் அப்படிப் பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவள் சொன்னது முழுக்கச் சரி. கட்டை காற்றோடு போகும், பாட்டில் தண்ணீரோடு போகும். ஒரு சோதனையில் எதை மாற்ற வேண்டும் என்று அதைவிடத் தெளிவாக எந்தப் பிள்ளையும் எனக்குச் சொன்னதில்லை. வேறொரு நாளாக இருந்தால் தட்டிக் கொடுத்திருப்பேன். அன்று சாக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தேன். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடினார்கள். யார் வீட்டில் மருந்து பாட்டில் இருக்கிறது என்று வாசலிலேயே பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் லூர்துவின் அம்மாவைப் பார்க்கப் போனேன். கரையில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

“சார், அவரு கொழும்புல இருக்காருன்னு ஊரு கேலி பேசுது. பேசட்டும். நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். எவளோடயும் இருந்துட்டுப் போறாரு, உசுரோட இருக்காருல்லா. அதப் புடுங்கிராதீங்க.”

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வேலையை நிறுத்திவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்தேன். பாட்டில் வேண்டாம், இதுவரை பார்த்ததை எழுதி முடிப்போம் என்று மறுநாள் காலையில் வகுப்பில் சொன்னேன். சவரி தலையைக் குனிந்துகொண்டு எழுந்தான். “அப்பா விடியக்காலமே கொண்டு போய்ப் போட்டுட்டாரு சார்,” என்றான். முந்தின நாள் பேசிய பேச்சுக்கு அவன் வெட்கப்பட்டிருக்கிறான். மாலையில் வீடு வீடாகப் போய் மருந்து பாட்டில்களை வாங்கியிருக்கிறான். லூர்துவும் அவனும் சேர்ந்து மண் போட்டு, பள்ளியின் பெயர் எழுதிய துண்டுத்தாளை உள்ளே வைத்து, தக்கையை மெழுகால் அடைத்திருக்கிறார்கள். நான் போட்ட விதியை இருவரும் மீறவில்லை. தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை.

பாடத்தில் தவறாகச் சொல்லிவிட்டால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். கரும்பலகையில் எழுதியதைத் துடைக்கலாம். கடலில் போட்டதை என்ன செய்வது? அதன் பிறகு வந்த நாட்களில் பள்ளி வாசலில் தெரியாத ஆள் யார் வந்தாலும் கையில் பாட்டில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். ஒரு பாட்டிலும் அகப்படக் கூடாது, எல்லாம் பாறையில் மோதி உடைந்து போகட்டும் என்று கோயிலில் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டேன். ஒரு ஆசிரியன், பிள்ளைகள் செய்த வேலை தோற்றுப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உன் அம்மாவிடம் மட்டும் இதைச் சொன்னேன். “அந்தப் புள்ள எதுக்கு வேண்டிக்கிட்டிருக்கோ,” என்றாள் அவள். 

பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் முடிந்த வாரத்தில் ஒருவர் வந்தார். கீழவைப்பாரிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வருகிற வியாபாரி. கையில் பச்சை நிற மருந்து பாட்டில். நேராக வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். நல்ல கலகலப்பான மனிதர். “இதுக்குள்ள என்னமோ சரக்கு இருக்குன்னு ஆசையாத் தொறந்தேன் சார். பாத்தா மண்ணுல்லா இருக்கு,” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். படம் வரைந்த கூட்டம் ஓடிப்போய்த் தாளில் கீழவைப்பாரைத் தேடியது. வடக்கு, வடக்கு என்று கத்தினார்கள். அந்த மனிதருக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. அவரை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவர் சொல்லிவிட்டார். “ஒங்க பக்கத்துத் தண்ணி எங்க கரைக்குத்தான் வரும்போலருக்கு. போன வருசத் தபசுக்கு ஒரு ஆளையே கொண்டாந்து போட்டுதே. எந்தத் தோணிக்காரனோ, பாவம். நாங்கதான் அடக்கம் பண்ணுனோம்.”

லூர்து எழுந்து நின்றாள். “கழுத்துல உத்தரியம் கெடந்துதா?” என்று கேட்டாள். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடுகிற, மாதா படம் தைத்த துணித்துண்டைத்தான் கேட்டாள்.

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. “கெடந்துது தாயி. கயிறு அந்து போயி, வலை நூலுல முடிஞ்சி தைச்சிருந்துது. அதப் பாத்துத்தான் நம்ம வேதக்காரன்னு கோயில் பக்கத்துலயே பொதைச்சோம்.”

“நாந்தான் தைச்சேன்,” என்றாள் லூர்து. பிறகு உட்கார்ந்துகொண்டாள். அந்த மனிதர் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுத் தலைத்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சவரி தன் இடத்தை விட்டு எழுந்து வந்து, இரண்டாவது வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். 

அவள் அம்மாவிடம் சொல்ல நான் தனியாகப் போகத் துணியவில்லை. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். லூர்து எங்களுக்கு முன்னால் நடந்தாள். உன் அம்மாவைப் பார்த்த உடனேயே லூர்துவின் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வாத்தியார் வீட்டுப் பெண் கருவாடு காயும் இடத்துக்கு வேறு எதற்கு வருவாள்? நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “இத ஏன் சார் எம்புள்ளைக்குப் படிச்சுக் குடுத்தீங்க?” என்றாள்.

 லூர்துதான் சொன்னாள். “அவரு படிச்சுக் குடுக்கலம்மா. நாந்தான் கேட்டேன். அப்பா நம்மள விட்டுட்டுப் போகலம்மா.”

கீழவைப்பாரில் பெயரில்லாமல் இருந்த மரச்சிலுவையில் பெயர் எழுதினார்கள். எங்கள் கோயிலில் மணி அடித்தது. கொழும்புப் பேச்சு அதோடு நின்றது. இவ்வளவும் நல்லதுதானே என்று நீ கேட்கலாம். லூர்துவின் அம்மா இன்றுவரை என்னோடு பேசியதில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது எதிரில் பட்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விலகிப் போவாள். ஆனால் அந்த ஜூன் மாதம் லூர்துவை எட்டாம் வகுப்புக்கு அனுப்பிவைத்தாள். நான் ஒரு குடும்பத்துக்கு உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தேனா, ஒரு பெண்ணின் கையில் மிச்சமிருந்ததைப் பிடுங்கினேனா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்கிறாள் உன் அம்மா.

இதைப் படித்துவிட்டு நீ பயந்து புத்தகத்தைத் திறந்துவிடாதே. அதைச் சொல்ல இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. தொடங்கு. சின்னதாகத் தொடங்கு. ஒரே கேள்வியை எடு, சில வாரங்களில் முடிகிற மாதிரி வைத்துக்கொள். முதல் முயற்சி கட்டைகளைப் போலத் திரும்பி வந்தால் கவலைப்படாதே, எல்லாம் அங்கேதான் தொடங்கும். ஆனால் அதையே விடை என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே. கண்டுபிடித்ததைக் கடைசியில் யாரிடம் சொல்லப் போகிறோம் என்று தொடக்கத்திலேயே பிள்ளைகளோடு பேசிவிடு. உன்னோடு வேலை பார்க்கிற மற்ற ஆசிரியர்களுக்கும் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு, எனக்கு ஆட்சேபம் இல்லை. புத்தகத்தில் இருக்கிற கேள்விக்கு யாரும் வீட்டில் காத்திருப்பதில்லை. பிள்ளை தானாகக் கேட்கிற கேள்விக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் ஒரு ஆள் இருப்பார், அல்லது இல்லாமல் இருப்பார். நீ கரும்பலகையில் எழுதுகிற அந்த நிமிடம் அந்த ஆளும் வகுப்புக்குள் வந்துவிடுகிறார். அப்போது வகுப்பில் இருக்கிற ஒரே பெரிய மனுஷி நீதான்.

உப்பளத்தில் வெயில் வெள்ளையாக அடிக்கிறது. பாத்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்தால் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார்கள். நான் அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறேன். அந்தப் பையனும் தினமும் அவர்களைப் பார்க்கிறான். ஆனால் அவன் “எத்தன வருசம்” என்று கேட்டிருக்கிறான். வருடத்தை எண்ணுகிறவன் யாரோ ஒருவருக்காகத்தான் எண்ணுவான். அந்தக் கேள்வியை நல்ல கேள்வி என்று நீ வகுப்பில் பாராட்டியதாக எழுதியிருக்கிறாய். அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எழுதவில்லை.

திங்கட்கிழமை சாக்கட்டியை எடுப்பதற்கு முன்னால், அந்தப் பையனைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போ. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “யார நெனச்சி இதக் கேட்ட?” என்று ஒருமுறை மட்டும் கேள். அவன் சொல்லும்வரை பேசாமல் இரு.

உன் அப்பா